கரும்பு வண்டியும் கணிப்பொறிச் சதுரங்கமும்



மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-ஆம் ஆண்டு நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள் ஆடிய பெரிய போட்டி அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொரு போட்டி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நமது பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2020-ஆம் ஆண்டு கொரோனா தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. ஒரே கூடத்தில் ஆட்டக்காரர்களைக் கூட்ட முடியாததால், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஒலிம்பியாடை இணையத்தின் வழியே நடத்தியது. ஆகஸ்ட் 30 அன்று இறுதி ஆட்டம். இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. முதல் சுற்று 3-3 என்று சமனில் முடிந்தது. இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே இந்திய அணியின் நிஹால் சரீனுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணையத் தொடர்பு அறுந்துபோயிற்று. அவர்களால் காயை நகர்த்த முடியவில்லை. ஆனால் கடிகாரம் நிற்கவில்லை. நேரம் தீர்ந்து இருவரும் தோற்றதாகப் பதிவாயிற்று. முதலில் ரஷ்யா வென்றதாக அறிவிக்கப்பட்டது. இந்திய அணி முறையிட்டது. கூட்டமைப்பின் தலைவர் அர்க்காடி துவார்கோவிச் நிலைமையை ஆராய்ந்து, இரு நாடுகளுக்கும் தங்கப் பதக்கம் என்று தீர்ப்பளித்தார். 2025-இல் மகளிர் உலகக் கோப்பையை வென்றவர் அதே திவ்யாதான்.

மாமல்லபுரத்துக் கூடத்தில் இப்படி நடந்திருக்குமா? நடந்திருக்காது. அங்கே நகர்த்தல்களை வெளி உலகுக்கு அனுப்பிய இணையம் நின்றிருந்தால், வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். ஆட்டம் பாட்டுக்கு நடந்திருக்கும். காரணம் எளியது: பலகையும் கடிகாரமும் ஆடுகிறவர்களுக்கு நடுவே, மேசைமேல் இருந்தன. இணைய ஆட்டத்தில் அவை எங்கே இருக்கின்றன?

பலகை எங்கே இருக்கிறது?

உங்கள் கைப்பேசியில் தெரிவது பலகையின் படம் மட்டுமே. உண்மையான பலகை தொலைதூரத்தில் உள்ள ஒரு கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கிறது. அந்தக் கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவரை நினைத்துக்கொண்டாலும் தவறில்லை. கேட்டதைக் கொண்டுவந்து தருவதுதான் இதற்கும் வேலை.

ஆனால் ஆட்ட சர்வருக்கு அதற்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டு. அதுவே நடுவர். நீங்கள் குதிரையை நகர்த்தினால், அந்தச் செய்தி சர்வருக்குப் போகிறது. அந்த நகர்த்தல் விதிப்படி சரியா என்று அது சோதிக்கிறது. உங்கள் கடிகாரத்தை நிறுத்தி எதிராளியின் கடிகாரத்தை ஓட விடுகிறது. செய்தியை அவருக்கு அனுப்புகிறது. இந்த வேலையை உங்கள் கைப்பேசியிடமே விட்டுவிட்டால் என்ன? கைப்பேசியில் உள்ள நிரலைத் திருத்தி, தம் கடிகாரத்தை மட்டும் மெதுவாக ஓடவிடும் புத்திசாலிகள் வந்துவிடுவார்கள். ஆகவே கடிகாரம் பொதுவான ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் ஆடும்போது இதில் சிரமம் ஏதும் இல்லை. இரண்டு லட்சம் பேர் ஒரே நேரத்தில் ஆடினால்? அதைப் புரிந்துகொள்ளப் படாளத்துக்குப் போவோம்.

ஆலை வாசலில் ஒரு கணக்கு

செங்கல்பட்டிலிருந்து தெற்கே பாலாற்றைக் கடந்து, மதுராந்தகம் போகும் வழியில் படாளம் இருக்கிறது. மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இந்த ஊரில்தான் உள்ளது. சர்க்கரை ஆலை உள்ள எந்த ஊரிலும் அரவைப் பருவத்தில் ஒரு காட்சியைக் காணலாம். கரும்பு ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடைமேடைக்காகக் காத்து நிற்கும். வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் விவசாயிக்கு நஷ்டம்.

ஒரு கணக்குப் போடுவோம். எடைமேடை ஒரு வண்டிக்குச் சராசரியாக 5 நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 12 வண்டிகள். மணிக்கு 11 வண்டிகள் வந்தால் நெரிசல் இராது என்றுதானே நினைப்பீர்கள்? வண்டிகள் சொல்லி வைத்தாற்போலச் சீராக வந்தால் அது சரி. உண்மையில் அவை அப்படி வருவதில்லை. ஒரு சமயம் நான்கு சேர்ந்து வரும்; பிறகு அரை மணிக்கு ஒன்றும் வராது. எடை போடும் நேரமும் வண்டிக்கு வண்டி மாறும்.

இப்படித் தாறுமாறாக வரும் கூட்டத்தின் வரிசைக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. மணிக்கு எடைபோடக்கூடிய வண்டிகளிலிருந்து, மணிக்கு வரும் வண்டிகளைக் கழியுங்கள். 60-ஐ அந்த மீதியால் வகுங்கள். ஒரு வண்டி வரிசையில் சேர்ந்தது முதல் எடை முடியும் வரை ஆகும் சராசரி நேரம் நிமிடக் கணக்கில் கிடைக்கும்.

மணிக்கு 6 வண்டிகள் வந்தால் 10 நிமிடம். 9 வந்தால் 20 நிமிடம். 10 வந்தால் 30 நிமிடம். 11 வந்தால் 60 நிமிடம்! பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒரு வண்டிதான் வித்தியாசம். ஆனால் காத்திருப்பு இரு மடங்காகிவிட்டது. 12 வந்தால் மீதி சுழி; வரிசை முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும்.

இத்தகைய வரிசைகளைக் கணிதத்தால் ஆராயத் தொடங்கியவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஏர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்பது பற்றி 1909-இல் கட்டுரை வெளியிட்டார். அவர் தொடங்கிவைத்த கணிதம் இன்று ஆட்ட சர்வர்களுக்கும் பயன்படுகிறது.

எத்தனை கணிப்பொறிகள் வேண்டும்?

இரண்டு லட்சம் பேர் ஆடினால் ஒரு லட்சம் ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து விநாடிக்கு ஒரு நகர்த்தல் என்று கொள்வோம். விநாடிக்கு 20,000 நகர்த்தல்கள் சர்வருக்கு வந்து சேரும். ஒரு நகர்த்தலைச் சோதித்துப் பதிவு செய்ய ஒரு கணிப்பொறிக்கு 1 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆகிறது என்போம். அது விநாடிக்கு 1,000 நகர்த்தல்களைக் கவனிக்கும்.

ஆலை வாசல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். அந்தக் கணிப்பொறிக்கு விநாடிக்கு 500 நகர்த்தல்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் 2 மில்லி விநாடி. 900 வந்தால் 10 மில்லி விநாடி. 990 வந்தால் 100. 999 வந்தால் 1,000 மில்லி விநாடி, அதாவது ஒரு முழு விநாடி! கடைசி நிமிடத்தில் பரபரப்பாக ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு விநாடி காணாமற்போனால் ஆட்டம் என்னவாகும்?

ஆகவே 20,000 நகர்த்தல்களுக்கு 20 கணிப்பொறிகள் போதும் என்று கணக்கிடுவது தவறு. 21 இருந்தால் தாமதம் ஏறத்தாழ 21 மில்லி விநாடி. 25 இருந்தால் 5 மில்லி விநாடி. 40 இருந்தால் 2 மில்லி விநாடி. இருபதிலிருந்து இருபத்தைந்துக்குப் போவதில் பெரும் பயன் உண்டு. இருபத்தைந்திலிருந்து நாற்பதுக்குப் போவதில் செலவுதான் அதிகம். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதே சர்வரை நடத்தும் பொறியாளரின் திறமை.

பல எடைமேடைகள் இருந்தால், வண்டிகளைப் பிரித்து அனுப்ப வாசலில் ஒருவர் நிற்க வேண்டும் அல்லவா? சர்வர் கூட்டத்துக்கும் அப்படியொரு கணிப்பொறி வாசலில் நிற்கிறது. அதைச் சுமை பகிர்வி எனலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஓர் ஆட்டத்தை ஆடும் இருவரும் ஒரே பலகையைக் காண வேண்டும். ஆகவே ஓர் ஆட்டத்தின் நகர்த்தல்கள் எல்லாம் அந்த ஆட்டத்தை வைத்திருக்கும் கணிப்பொறிக்கே போய்ச் சேர வேண்டும். நல்லவேளையாக, ஒரு சதுரங்க ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் தொடர்பில்லை. எனவே ஆட்டங்களைப் பங்கிட்டுக் கொடுப்பது எளிது.

கூட்டம் எல்லை மீறும்போது ஆலைகள் இன்னொரு வழியையும் கையாளும். விவசாயிகளுக்கு முறை வைத்து வெட்டு உத்தரவு கொடுப்பார்கள். எல்லாரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டு வருவதில்லை. ஆட்ட சர்வர்களும் இப்படிச் செய்வதுண்டு. 'சற்றுக் காத்திருங்கள்' என்று திரையில் தோன்றும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் உள்ளே ஆடிக்கொண்டிருப்பவர்களின் கடிகாரத்தைக் காப்பாற்ற அதுவே நேர்மையான வழி.

ஒரே பேரேடு

எடைமேடைகள் எத்தனை இருந்தாலும் கணக்குப் பேரேடு ஒன்றுதான். யார் யாருக்கு எவ்வளவு பணம் என்று அதில்தான் எழுத வேண்டும். சதுரங்கத் தளத்திலும் அப்படியே. ஆட்டம் முடிந்ததும் இருவரின் தரவரிசைப் புள்ளிகளும் மாற வேண்டும். ஆட்டம் முழுவதும் பதிவாக வேண்டும். இதற்கான பேரேட்டைத் தரவுத்தளம் என்கிறோம். ஆட்டக் கணிப்பொறிகளை நூறாக்கினாலும், நூறும் ஒரே பேரேட்டின் முன் வரிசையில் நின்றால் பயன் என்ன?

இது கற்பனைச் சிக்கல் அன்று. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் சதுரங்கத்தின் மேல் உலகெங்கும் திடீரென்று ஆர்வம் பெருகியது. செஸ்.காம் என்ற தளத்தில் ஜனவரி 20 அன்று ஒரே நாளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். தளம் அடிக்கடி திணறியது. தங்கள் சர்வர்கள் தடுமாறுவதை அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நெருக்கடி பெரிதும் தரவுத்தளங்களில்தான் இருந்தது.

இதற்குப் பொறியாளர்கள் இரண்டு உபாயங்களை வைத்திருக்கிறார்கள். படிப்பதற்கு மட்டும் பேரேட்டின் நகல்களைப் பல இடங்களில் வைப்பது ஒன்று. பேரேட்டையே பிரித்து, ஒரு பகுதி ஆட்டக்காரர்கள் ஒரு புத்தகத்தில், மற்றவர்கள் வேறு புத்தகத்தில் என்று எழுதுவது மற்றொன்று. முதல் முறையில் நகல் கொஞ்சம் பின்தங்கியிருக்கலாம். ஆட்டம் முடிந்தவுடன் பார்த்தால் பழைய புள்ளியே தெரியலாம். இரண்டாம் முறையில், வேறு வேறு புத்தகங்களில் உள்ள இருவர் ஆடினால் இரண்டிலும் தவறாமல் எழுத வேண்டும். ஒன்றில் எழுதி மற்றொன்றில் விட்டுவிடக் கூடாது. குறை இல்லாத உபாயம் இல்லை.

நூறு பேர் ஆடும் ஆட்டம்

எல்லா ஆட்டங்களும் சதுரங்கம் போல எளிதில் பங்கிடக் கூடியவை அல்ல. 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' என்னும் சுடும் ஆட்டத்தில் பத்துப் பேர் ஆடுவார்கள். சர்வர் விநாடிக்கு 64 முறை நிலைமையைப் புதுப்பிக்கும். ஒவ்வொருவருக்கும் மற்ற ஒன்பது பேர் எங்கே என்று சொல்ல வேண்டும். 10 × 9 × 64 = 5,760 செய்திகள் ஒரு விநாடிக்கு. இதே வேகத்தில் பப்ஜி போல நூறு பேர் ஒரே தீவில் ஆடினால்? 100 × 99 × 64 = 6,33,600. ஆட்கள் பத்து மடங்கானார்கள். வேலையோ 110 மடங்காகிவிட்டது! அதனால்தான் இத்தகைய ஆட்டங்களில் எல்லாருடைய இடத்தையும் எல்லாருக்கும் சொல்வதில்லை. அருகில் இருப்பவர்களைப் பற்றி அடிக்கடியும், தொலைவில் இருப்பவர்களைப் பற்றி எப்போதாவதும் சொல்கிறார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சதுரங்கத்தில் ஒரு நகர்த்தல் வழியில் தொலைந்தால் மறுபடி அனுப்பியே தீர வேண்டும். சுடும் ஆட்டத்தில், தொலைந்த செய்தியைத் தேடுவதற்குள் புதிய செய்தி வந்துவிடும். ஆகவே பழையதை விட்டுவிடுகிறார்கள்.

ஒளிக்கும் வேகம் உண்டு

வரிசையைக் குறைத்துவிட்டோம், பேரேட்டையும் பிரித்துவிட்டோம். இனித் தாமதமே இராதா? இங்கேதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது.

உங்கள் நகர்த்தல் கண்ணாடி இழைகளில் ஒளியாகப் பயணம் செய்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். இழைக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர், அதாவது மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-இல் ஒரு இழைவடம் போடப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, ஆக 32 மில்லி விநாடிக்குக் குறைவாக ஒரு செய்தி போய்த் திரும்ப முடியாது. சர்வர் 15,000 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் 150 மில்லி விநாடி. எத்தனை கோடி செலவழித்து எத்தனை கணிப்பொறிகளை அடுக்கினாலும் இதில் ஒரு மில்லி விநாடியைக்கூடக் குறைக்க முடியாது. ஒரே வழி, சர்வரை அருகில் கொண்டுவருவதுதான். நமது செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் பெரிய தரவு மையங்கள் எழுந்திருப்பதற்குக் கடல்வடங்கள் கரையேறும் சென்னையின் அண்மையும் ஒரு காரணம்.

பாதை மாறினால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு அந்தமான் நல்ல உதாரணம். 2020 ஆகஸ்ட் 10 அன்று, அதாவது அந்த இறுதி ஆட்டத்துக்கு 20 நாட்களுக்கு முன், சென்னையிலிருந்து அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் செல்லும் கடல்வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை அத்தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறி இறங்க 72,000. பதிலும் அதே வழியில் வர இன்னும் 72,000. மொத்தம் 1,44,000 கிலோமீட்டரைக் கடக்க 480 மில்லி விநாடி. போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரம், சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். வடத்தின் வழியே போய்வர 14 மில்லி விநாடியை ஒட்டியே ஆகும்.

ஆனால் படாளத்துப் பையன் ஒருவனும் நார்வேச் சிறுமி ஒருத்தியும் ஆடினால் சர்வர் இருவருக்கும் அருகில் இருக்க முடியாதே! அதனால் சதுரங்கத் தளங்கள் ஒவ்வொருவருடைய தாமதத்தையும் அளந்து, வழியில் கழிந்த நேரத்தை ஓரளவு அவர் கடிகாரத்தில் திருப்பிக் கொடுக்கின்றன. முழுவதும் ஏன் கொடுப்பதில்லை? கொடுத்தால், வேண்டுமென்றே செய்தியைத் தாமதப்படுத்தி யோசிக்க நேரம் திருடுவார்கள்.

ஒரே பாதையை நம்பினால்

இப்போது 2020 ஆகஸ்ட் 30-க்குத் திரும்புவோம். அன்று இந்திய நேரப்படி பிற்பகல் மூன்றரை மணியளவில், அமெரிக்காவின் சென்சுரிலிங்க் நிறுவனத்தின் வலையமைப்பில் பெரும் பழுது ஏற்பட்டது. இணையத்தின் முச்சந்திகளில் திசைவிகள் என்னும் கருவிகள் உள்ளன. எந்தச் செய்தி எந்த வழியே போக வேண்டும் என்று அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட போக்குவரத்தைத் தடுப்பதற்கான பிழையான விதியொன்று திசைவிகளுக்குப் போயிற்று. அது திசைவிகளின் பேச்சையே தடுத்துவிட்டது. பேச்சு அறுந்ததும் அவை மறுபடி தொடர்பு கொண்டன. தொடர்பு கொண்டதும் அதே விதி மறுபடி வந்தது. பேச்சு மறுபடி அறுந்தது. இந்தச் சுழல் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீடித்தது. உலக இணையப் போக்குவரத்தே அப்போது 3.5 விழுக்காடு குறைந்ததாகக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் மதிப்பிட்டது. உலகளாவிய இணையத் தடங்கலால் இந்திய வீரர்கள் பாதிக்கப்பட்டதாகச் சதுரங்கக் கூட்டமைப்பும் அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எடைமேடைகள் எல்லாம் காலியாகவே இருந்தாலும், பாலாற்றுப் பாலம் மூடப்பட்டால் வடகரை வண்டிகள் படாளம் ஆலைக்கு வந்துசேரா. கூடுதல் எடைமேடை அதற்கு மருந்தாகாது. கூடுதல் பாலம்தான் மருந்து. அதனால் நல்ல தளங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளை ஏற்பாடு செய்துகொள்கின்றன. ஆட்டத்தின் நிலையையும் அவ்வப்போது வேறோர் இடத்தில் எழுதி வைக்கின்றன. இணைப்பு மீண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அப்படியும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆட்டக்காரரிடமிருந்து செய்தி வரவில்லை. பாதை அறுந்ததா, அல்லது தோற்கும் நிலையில் அவரே இணைப்பைத் துண்டித்துக்கொண்டாரா? சர்வர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வந்த செய்தியைக் கொண்டுதான் அது தீர்ப்புச் சொல்லும். வராத செய்தியின் காரணத்தை அது அறியாது. அதனால்தான் அன்று கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. காரணத்தை விசாரித்து, இரண்டு நாடுகளுக்கும் தங்கம் என்று சொல்ல மனிதர் ஒருவர் தேவைப்பட்டார்.

நீங்களே அளந்து பாருங்கள்

பள்ளிக் கணிப்பொறியில் 'பிங்' என்றொரு கட்டளை உண்டு. உங்கள் கணிப்பொறி ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால், செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று அது காட்டும். அந்த எண்ணை 100-ஆல் பெருக்குங்கள். பதில் தந்த கணிப்பொறி அத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது. 100 ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. காலையில் ஒருமுறை, எல்லாரும் கைப்பேசியை எடுக்கும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். தூரம் மாறியிருக்காது, எண் மாறியிருந்தால், கூடியது பெரும்பாலும் வரிசையாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை நேரம் தீர்ந்து நீங்கள் தோற்கும்போது, அந்த நேரத்தில் எவ்வளவு யோசனைக்குப் போயிற்று, எவ்வளவு வழியில் போயிற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யோசனைக்குத்தான் போயிருக்கும்!